பொதுச் சுகாதாரப் பணிக்கு நாமும் தகுதி பெறலாம்

உயிரியல் பிரிவில் படிக்கும் மாணவியிடம் பெரியவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "டாக்டராகப் போறீங்களா?" என்பதுதான். கலைப் பிரிவு மாணவியிடம் சுகாதாரத்துறை பற்றி எவரும் கேட்பதேயில்லை. மருத்துவ பீடம் கிடைக்காவிட்டால் அந்தத் துறையே நமக்கு இல்லை என்று நாமும் நினைத்துவிடுகிறோம். ஆனால் நோய் வந்தபின் குணப்படுத்துவது ஒரு பணி. வராமல் காப்பது இன்னொரு பணி. இரண்டாவதற்குப் பெயர்தான் பொதுச் சுகாதாரம். உயர்தரம் முடித்த ஒருவர் அதற்குள் நுழைவதற்கு அரசாங்கமே பயிற்சி தருகிறது.

இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கப்பட்டது. தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் இன்றும் அங்கேதான் இயங்குகிறது. அந்த முறை நாடெங்கும் பரவியதால், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் உள்ளன. உணவுக் கடைகளையும் டெங்கு நுளம்பு பெருகும் இடங்களையும் பார்வையிடுபவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். நம் வீடுகளில் 'மிட்வைப் மிஸ்' என்று அழைக்கப்படுபவர் குடும்பநல உத்தியோகத்தர்.

ஒரு குடும்பநல உத்தியோகத்தருக்கு ஏறத்தாழ 3000 பேர் கொண்ட பகுதி ஒதுக்கப்படுவது வழமை. கர்ப்பிணித் தாய்மாரைப் பதிவுசெய்வது, கிளினிக்குக்கு வராதவரைத் தேடிப்போவது, பிள்ளையின் நிறையை வளர்ச்சிப் பதிவேட்டில் குறிப்பது எல்லாம் அவரது வேலை. பிள்ளை பிறந்து முதல் 10 நாட்களுக்குள் இரண்டு தடவையாவது வீட்டுக்கு வரவேண்டும். என் ராத்தாவின் பிரசவத்துக்குப் பின்னர் அப்படி வந்தவரிடம், கிளினிக்கில் கேட்க வெட்கப்பட்ட கேள்விகளையெல்லாம் ராத்தா கேட்டார். நம் பேச்சுமொழியில் பேசும் ஒரு பெண் வீட்டுக்கே வந்ததால்தான் அது நடந்தது.

1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2000க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். 2010களில் அது 40க்கும் குறைந்தது. வைத்தியசாலைகளும் மருந்துகளும் இதற்கு உதவின. ஆனால் ஆபத்தான அறிகுறியை நேரத்தோடு கண்டு தாயை வைத்தியசாலைக்கு அனுப்பியவர்கள் பெரும்பாலும் இந்தக் களப் பெண்களே. வன்னியை நெடுங்காலம் வாட்டிய மலேரியாவும் களப்பணியாலேயே ஒழிந்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

இனி, தகுதி பெறுவது எப்படி என்று பார்ப்போம். சுகாதார அமைச்சு ஆட்சேர்ப்பு அறிவித்தலை வெளியிடும்போது கல்வித் தகைமை, வயதெல்லை, முடிவுத் திகதி எல்லாவற்றையும் அதில் குறிப்பிடும். வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் அரசாங்க வர்த்தமானி தமிழிலும் உண்டு. ஒவ்வொரு தடவையும் நிபந்தனை மாறலாம். ஆகவே சென்ற ஆண்டு சேர்ந்தவர் சொன்னதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. சாதாரண தரத்தில் மொழி, கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றின் பெறுபேறுகள் கவனிக்கப்படுகின்றன. ஆகவே பத்தாம், பதினோராம் தரத் தங்கைமார் இப்போதே அவற்றில் கவனம் வைக்க வேண்டும். பரிசோதகர் பயிற்சிக்கு விஞ்ஞானப் பிரிவுப் பெறுபேறு கேட்கப்படும். குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சிக்கோ உயர்தரத்தில் உயிரியல் படிக்காதவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அப்பயிற்சி ஒன்றரை வருடம். பெரும்பகுதி தாதியர் பயிற்சிக் கல்லூரியிலும் வைத்தியசாலையிலும், மீதி கிராமங்களிலும் நடக்கும். பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலும் அநுராதபுரத்திலும் வாழ்ந்து திரும்பிய குடும்பங்கள் நம்மிடையே பல. போரில் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும் அப்படியே. பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருக்கும். வாக்காளர் பதிவு ஒரு மாவட்டத்திலும் வீடு இன்னொரு மாவட்டத்திலும் இருக்கும். வாப்பாவின் பெயர் ஓர் ஆவணத்தில் 'முகம்மது', மற்றதில் 'முஹம்மத்' என்றிருக்கும். நேர்முகப் பரீட்சை நாளில் இவற்றைத் திருத்த முடியாது. சான்றிதழின் பிரதியைப் பிறப்புப் பதிவான பகுதியின் பிரதேச செயலகத்தில் பெறலாம். பெயர் வேறுபாட்டைத் திருத்த மாதங்கள் ஆகலாம். ஆகவே அடையாள அட்டை எடுக்கும் வயதிலேயே எல்லா ஆவணங்களையும் ஒன்றாக வைத்து எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்புவதில் உங்களுக்கு இருக்கும் கவலை நியாயமானது. விடுதி எப்படி, சீருடையில் நம் உடை ஒழுக்கத்துக்கு இடமுண்டா, முடித்தபின் எங்கே நியமனம் என்பவற்றை ஏற்கெனவே பணியிலுள்ள ஒருவரிடம் நேரில் கேளுங்கள். கேட்டறிந்தபின் முடிவெடுங்கள், கேட்காமலேயே 'வேண்டாம்' என்று சொல்லிவிடாதீர்கள். நம் வீட்டுப் பெண்களைப் பெண்ணொருவர் பார்க்க வேண்டும், அவர் தமிழில் பேச வேண்டும் என்று நாம் எல்லோரும் விரும்புகிறோம். அந்தப் பெண் யாரோ ஒருவரின் மகள். அவரைப் படிக்க அனுப்பிய பெற்றோர் இருந்ததால்தான் அவர் இன்று நம் வாசலுக்கு வருகிறார்.

இவ்வருடம் உயர்தரம் எழுதும் தோழியரே, பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு வர்த்தமானியையும் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், நம் ஊரின் அடுத்த 'மிட்வைப் மிஸ்' நம் வகுப்பிலிருந்தே வரட்டும்.