மின்சாரக் கார்: விலையும் பார்ப்போம், இருப்பும் பார்ப்போம்

மளிகைக் கடைக்காரரும் மண்டிக்காரரும் கூடும் இடமெல்லாம் இன்று ஒரு பேச்சு தவறாமல் வருகிறது. "மின்சாரக் கார் வாங்கலாமா?" என்பதுதான் அது. படித்து முடித்துக் கல்லாவில் வந்து உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகள் "வாங்கித்தான் ஆக வேண்டும்" என்கிறார்கள். மாதக் கடைசியில் பெட்ரோல் செலவைக் கூட்டிப் பார்க்கும்போது நமக்கும் ஆசை வருகிறது. ஷோரூமில் விலையைக் கேட்டதும் அந்த ஆசை பாதியாகிவிடுகிறது.

ஒரு லாட் துவரம்பருப்பு கொள்முதல் செய்யும்போது நாம் இரண்டு விஷயங்களைத்தான் பார்க்கிறோம். அடக்கவிலை என்ன ஆகிறது என்பது ஒன்று. கேட்ட நேரத்தில் சரக்கு கைக்கு வருமா என்பது மற்றொன்று. காரும் ஒரு கொள்முதல்தான். விளம்பரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இந்த இரண்டு கேள்விகளையும் மின்சாரக் காருக்குப் போட்டுப் பார்த்தால், அது யாருக்குக் கட்டும், யாருக்குக் கட்டாது என்பது தானே தெரிந்துவிடும்.

விலையும் வரியும்

முன்பு மின்சாரக் கார் என்றால் பெங்களூரில் 2001-ல் வந்த ரேவா ஒன்றுதான். ஈய பேட்டரியில் ஓடிய சின்ன வண்டி அது. இன்று நிலைமை வேறு. டாடா டியாகோ மின்சாரக் கார் 2022 செப்டம்பரில் 8 லட்சத்து 49 ஆயிரம் அறிமுக விலையில் வந்தது. எம்.ஜி. காமெட் 2023-ல் 7 லட்சத்து 98 ஆயிரத்துக்கு வந்தது. சிறு வணிகர் கை எட்டும் தூரத்துக்கு வண்டி வந்துவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

மின்சார வாகனத்துக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்ட் 1 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் வரியும் 28 சதவீதமும் செஸ்ஸும் என்பதிலிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது. வரிக்கு முந்திய விலை 5 லட்சம் உள்ள பெட்ரோல் கார் இதனால் சுமார் 55 ஆயிரம் ரூபாய் மலிந்தது. ஆகவே அந்தத் தேதிக்கு முன் யாராவது போட்டுக் கொடுத்த ஒப்பீட்டுக் கணக்கு கையில் இருந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

மானியம் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய அரசின் பேம் இரண்டாம் கட்டத் திட்டம் 2024 மார்ச்சோடு முடிந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சொந்த உபயோகக் கார்களுக்கு மானியம் இல்லை. வருமான வரியில் மின்சார வாகனக் கடன் வட்டிக்குத் தந்த தனிக் கழிவும் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டுமே. தமிழ்நாட்டின் 2023-ஆம் ஆண்டுக் கொள்கை சாலை வரி விலக்கை 2025 முடியும் வரை என்று கெடு வைத்தே தந்தது. சலுகைகள் எல்லாம் இப்படிக் கெடுவோடுதான் வரும். விற்பனையாளர் வாய்ச்சொல்லை நம்பாமல், பதிவுச் செலவு உட்பட மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கட்ட வேண்டும்.

கிலோமீட்டர் கணக்கு

இனி அடக்கவிலைக்கு வருவோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், ஊருக்குள் 16 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 25 காசு ஆகிறது. சிறிய மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் ஓடும். வீட்டு மின்கட்டணம் யூனிட் கூடக்கூடப் படியேறும் கணக்கு. காருக்கு ஏற்றும் மின்சாரம் வீட்டுச் செலவுக்கு மேலே சேர்வதால் உயர்ந்த படியில்தான் விழும். ஆகவே யூனிட் 10 ரூபாய் என்றே போடுவோம். கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 45 காசு. மிச்சம் 4 ரூபாய் 80 காசு.

இந்த 4 ரூபாய் 80 காசை மட்டும் பார்த்துத்தான் பலர் மயங்குகிறார்கள். அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட மின்சாரக் காருக்கு 3 லட்சம் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று கொள்வோம். அந்த 3 லட்சம் நம் தொழிலில் சுற்ற வேண்டிய முதல். நூற்றுக்கு வருடம் 12 வட்டி போட்டால் ஆண்டுக்கு 36 ஆயிரம்.

நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர், வருடத்தில் 300 நாள் ஓட்டும் கடைக்காரருக்கு ஆண்டு ஓட்டம் 6,000 கிலோமீட்டர். மிச்சம் 28,800 ரூபாய். வட்டிக்கே 7,200 ரூபாய் துண்டு விழுகிறது. நாளுக்கு 25 கிலோமீட்டர் ஓடினால் வட்டிக்குச் சரியாகும். போட்ட 3 லட்சமும் எட்டு ஆண்டில் திரும்ப வேண்டுமானால் நாளுக்கு 50 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட வேண்டும். நாளுக்கு 70 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கோ ஆண்டு மிச்சம் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். வட்டி போக 64,800 நிற்கிறது. ஐந்து ஆண்டுக்குள் முதல் கைக்கு வந்துவிடும்.

எட்டு ஆண்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பல கம்பெனிகள் பேட்டரிக்குத் தரும் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். எது முந்துகிறதோ அதோடு உத்தரவாதம் முடிந்தது. காரின் விலையில் பெரும்பங்கு பேட்டரிதான். எனவே அந்தக் கெடுவுக்குள் முதலை எடுத்துவிடுவதே உத்தமம்.

ஆயில் மாற்றும் செலவு, பில்டர் செலவு மின்சாரக் காரில் கிடையாது. ஆனால் எடை அதிகம் என்பதால் டயர் சீக்கிரம் தேயும். வண்டி மதிப்பு கூடுதல் என்பதால் இன்சூரன்ஸும் கூடும். திருப்பி விற்கும்போது விலை குறையும். இவை ஒன்றுக்கொன்று நேராகிவிடும் என்று வைத்தே மேலே உள்ள கணக்கைப் போட்டிருக்கிறோம். அசலைக் கழிக்காமல் முழு வட்டி போட்டிருப்பதால் கணக்கு கொஞ்சம் கறாரானதுதான். வணிகர் கணக்கு கறாராக இருப்பதில் தப்பில்லை.

எவ்வளவு தூரம் ஓடும்?

கம்பெனி அச்சடித்துக் கொடுக்கும் தூரம் சோதனைச் சாலையில் எடுத்தது. காமெட் காருக்கு 230 கிலோமீட்டர் என்று போட்டிருந்தார்கள். ஏ.சி. போட்டு, ஆள் ஏற்றி, நம் வெயிலில் ஓட்டும்போது மூன்றில் இரண்டு பங்கை நம்பினால் ஏமாற்றம் இராது. அப்படியானால் 150 கிலோமீட்டர். விருதுநகரிலிருந்து மதுரை போய்த் திரும்ப நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஆகும். அதற்குத் தாராளமாகப் போதும். சென்னைக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு வழியில் சில முறை நின்று ஏற்ற வேண்டும். பொது நிலையத்தில் விரைவாக ஏற்ற யூனிட் 20 ரூபாய் கொடுத்தால் கிலோமீட்டர் செலவு 2 ரூபாய் 85 காசாகிவிடும். வீட்டில் ஏற்ற வழியில்லாதவர் மேற்படி கணக்கை இந்த விலையில் போட வேண்டும். அவருக்கு வட்டி கட்டவே நாளுக்கு 35 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

இருப்பு என்பது நாலு வகை

விலை பொருந்திவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி இருப்பு. இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள்.

முதலாவது, வண்டி இருப்பு. ஹூண்டாய் கிரெட்டா மின்சாரக் கார் 2025 ஜனவரி முதல் நம் ஸ்ரீபெரும்புதூர் பகுதித் தொழிற்சாலையில் தயாராகி வருகிறது. வியட்நாமின் வின்பாஸ்ட் தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் தொழிற்சாலை திறந்தது. ஆனால் நம் மாநிலத்தில் தயாராகும் வண்டி நம் ஊர் ஷோரூமில் நிற்கும் என்று பொருளில்லை. விளம்பரத்தில் வரும் விலை பெரும்பாலும் மிகக் குறைந்த ரகத்தின் விலை. அந்த ரகம் இருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். "அது வர நாளாகும், இதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றால், அந்த இதன் விலையில்தான் கணக்குப் போட வேண்டும். இருப்பில் வண்டி இருந்தால் எந்த மாதம் தயாரானது என்று பாருங்கள். பேட்டரி ஓடாமல் நின்றாலும் வயதாகும். மாவுப் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் வாங்குவோமா?

கப்பலில் வரும் பொருளை நம்பிய தொழில் என்பதும் நினைவிருக்கட்டும். 2025 ஏப்ரலில் சீனா சில அரிய மண் உலோகங்களுக்கும் அவற்றால் செய்யும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. மின்சார மோட்டாருக்கு அந்தக் காந்தம் தேவை. இந்தியாவில் சில தயாரிப்பாளர்கள் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. பர்மா உளுந்து வரத்து நின்றால் நம் மண்டியில் என்ன நடக்கும் என்று அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, மின்சார இருப்பு. 24 யூனிட் பேட்டரியை 15 ஆம்பியர் பிளக்கில் முழுதாக ஏற்ற எட்டு மணி நேரமாவது ஆகும். இரவு 10 மணிக்குக் கடை அடைத்து மாட்டினால் காலையில் தயார். அதற்குக் கார் நிறுத்த நமக்கென்று இடம் வேண்டும். எர்த் சரியாக இருக்க வேண்டும். இணைப்பின் அனுமதிக்கப்பட்ட பளு தாங்க வேண்டும். கடை இணைப்பு வணிகக் கட்டணம் என்பதையும் மறக்கலாகாது. ஆனை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசித்த கதையாக இருக்கக் கூடாது. முதலில் எலெக்ட்ரீசியனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு ஷோரூமுக்குப் போகலாம்.

மூன்றாவது, பழுது பார்க்கும் ஆள். பெட்ரோல் வண்டிக்குத் தெருமுனை மெக்கானிக் போதும். மின்சாரக் காரின் பேட்டரியையும் மோட்டாரையும் பயிற்சி பெற்றவர்தான் தொட வேண்டும். வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுத்துப் போகாமல் மேடை வண்டியில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும். சர்வீஸ் நிலையம் அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்குமானால், 30 ஆயிரம் மலிவாகக் கிடைக்கும் வண்டியைவிட உள்ளூரில் ஆள் உள்ள வண்டியே லாபம்.

நான்காவது, உதிரிப் பாகம். அந்த ரகக் கார் வைத்திருக்கும் இரண்டு பேரை விசாரியுங்கள். பம்பர் உடைந்தபோது எத்தனை நாளில் வந்தது என்று கேட்டால் போதும். நோட்டீஸ் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

பேட்டரி வாடகையும் பழைய வண்டியும்

2024 செப்டம்பரில் வந்த எம்.ஜி. வின்ட்சர் காரில் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். காருக்கு 9 லட்சத்து 99 ஆயிரம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 50 காசு வாடகை. எண்ணெய் விலை தனி, டின் விலை தனி என்பது நமக்குப் புதிதல்ல. வாடகையோடு மின்சாரம் 1 ரூபாய் 45 காசு சேர்ந்தால் 4 ரூபாய் 95 காசு. பெட்ரோலோடு ஒப்பிட்டால் மிச்சம் கொஞ்சம்தான். மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டருக்குக் குறையாமல் வாடகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

பழைய மின்சாரக் கார் மலிவாக வருகிறது. ஆனால் கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்து வாங்கக் கூடாது. கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் பேட்டரியின் நிலையைச் சோதித்த தாளை வாங்கிப் பார்க்க வேண்டும். மீதி உத்தரவாதம் புது உரிமையாளருக்கு மாறுமா என்பதை எழுத்தில் கேட்க வேண்டும்.

முதலில் எந்த வண்டி?

மேலே உள்ள கணக்கைத் திரும்பப் பார்த்தால் ஒன்று விளங்கும். மிச்சம் ஓட்டத்தில்தான் இருக்கிறது. வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து பேங்க், மாதம் ஒரு கல்யாணம் என்று ஓடும் முதலாளியின் காரில் அந்த ஓட்டம் இல்லை. கடைகடையாகச் சரக்குப் போடும் வண்டியில் இருக்கிறது. அது நாளும் அதே வழியில் போகிறது, இரவு நம் கிட்டங்கிக்கே திரும்புகிறது. எவ்வளவு தூரம் ஓடும் என்ற கவலையும் இல்லை, எங்கே ஏற்றுவது என்ற கவலையும் இல்லை.

வரியிலும் வித்தியாசம் உண்டு. சொந்த உபயோகக் காருக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை நாம் உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது. சரக்கு வண்டிக்கு எடுக்கலாம். வரியில்லாச் சரக்கும் விற்பவர் அந்த விகிதத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். இணக்க வரித் திட்டத்தில் உள்ளவருக்கு இது கிடையாது. டாடாவின் ஏஸ் புரோ 2025 ஜூனில் வந்தபோது பெட்ரோல் வண்டி 3 லட்சத்து 99 ஆயிரம், மின்சார வண்டி 6 லட்சத்து 50 ஆயிரம், சுமை 750 கிலோ என்று அறிவித்தார்கள். அதாவது 50 கிலோ மூட்டை பதினைந்து. வித்தியாசம் இரண்டரை லட்சம். உங்கள் லைன் வண்டி நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று சிட்டையைப் பார்த்து அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். நாளுக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழ் ஓட்டுபவர் இப்போதைக்குப் பெட்ரோல் வண்டியையே வைத்துக்கொண்டு அந்த 3 லட்சத்தைச் சரக்கில் போடட்டும். 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர், வீட்டில் ஏற்ற வசதியும் உள்ளூரில் சர்வீஸும் இருந்தால் தயங்க வேண்டாம். இடையில் உள்ளவர்கள் ஒரு மாதம் தினமும் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதி வரட்டும். அந்த நோட்டு சொல்லும் பதிலை எந்த விற்பனையாளராலும் சொல்ல முடியாது. பிள்ளைகள் கேட்டால் அந்த நோட்டையே அவர்கள் கையில் கொடுத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கார் வருகிறதோ இல்லையோ, அடக்கம் போடும் பழக்கம் அடுத்த தலைமுறைக்கு வந்து சேரும்.