ஈய ரவையும் வாத்தின் அம்மியும்

நீர்ப்பறவை வேட்டைக்காரர்கள் பல தலைமுறைகளாக நம்பி எடுத்தது ‘12 போர்’ துப்பாக்கி. ‘போர்’ என்றால் குழலின் துளை. அந்தப் 12 அங்குலக் கணக்கும் அல்ல, மில்லிமீட்டரும் அல்ல. ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது சுமார் 454 கிராமை, 12 சம உருண்டைகளாகப் பிடித்தால் ஓர் உருண்டை அந்தக் குழலுக்குள் கச்சிதமாகப் பொருந்தும். விட்டம் 18.5 மில்லிமீட்டர். அதே ஈயத்தை 20 உருண்டையாகப் பிடித்தால் உருண்டை சிறுக்கும், குழலும் ஒல்லியாகும். அதனால்தான் எண் ஏற ஏறத் துளை சிறுக்கிறது!

உள்ளே போவதோ ஒற்றைக் குண்டு அல்ல, ரவை. 32 கிராம் ஈயத்தில் 2.8 மில்லிமீட்டர் மணிகள் ஏறக்குறைய 250. குழலின் வாயை ஒரு மில்லிமீட்டர் மட்டும் ஒடுக்குவார்கள். இந்த ஒடுக்கத்துக்கு ‘சோக்’ என்று பெயர். அந்த ஒரு மில்லிமீட்டர் செய்யும் வேலையைப் பாருங்கள்: 36 மீட்டர் தாண்டியும் நூற்றுக்கு எழுபது மணிகள், சைக்கிள் சக்கரத்தைவிடச் சற்றே பெரிய வட்டத்துக்குள் போய் விழும்.

இத்தனை மணிகளை எப்படி உருட்டினார்கள்? பூந்தி தேய்ப்பதைப் போலத்தான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் வாட்ஸ், உருக்கிய ஈயத்தை உயரத்திலிருந்து சல்லடை வழியே விட்டார். விழும் வழியிலேயே பரப்பு இழுவிசை, அதாவது திரவம் தன் மேற்பரப்பைச் சுருக்கிக்கொள்ளும் விசை, ஒவ்வொரு துளியையும் உருண்டையாக்கியது. கீழே தண்ணீர்த் தொட்டி. 1782-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

குறி தவறிய மணிகள் குளத்தடிச் சேற்றில் கிடக்கும். வாத்துக்குப் பல் கிடையாது. பொடிக்கற்களை விழுங்கி, தசை தடித்த அரைவைப்பையில் வைத்துத் தீனியை அரைக்கும். அதுதான் அதன் அம்மி. கல்லென்று நினைத்து ஈயத்தையும் விழுங்கிவிடுகிறது. அம்மி அரைக்க, அமிலம் கரைக்க, ஈயம் இரத்தத்தில் ஏறுகிறது. சில மணிகளே போதும். சில வாரங்களில் சிறகு தொங்கிச் சாகும். சுட்டவன் வீடு திரும்பிப் பல காலம் ஆன பின்னும் ரவை கொன்றுகொண்டே இருக்கிறது.

இதனால் 1991 முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்குத் தடை. அங்கே இப்போது பெரும்பாலும் இரும்பு ரவைதான். ஆனால் அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம், ஈயத்துக்கு 11.3. எடை குறைந்த மணி காற்றில் சீக்கிரம் வேகமிழக்கும் என்பதால் பெரிய மணியாக எடுக்கிறார்கள்.

நம் நாட்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வாத்து வேட்டை குற்றம்; பார்த்து ரசிக்கத் தடையில்லை. நாகர்கோவில் வழியே போனால் சுசீந்திரம் – தேரூர்க் குளங்கள் வரும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த நீர்நிலை. மார்கழியில் ஊசிவால் வாத்துகள் அங்கே வந்திறங்கும். ஒரு பைனாகுலர் எடுத்துக்கொண்டு விடியலில் போய்ப் பாருங்கள்.