பிறந்த தேதியில் ஒரு பொய்

சென்ற வருஷம் கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை, எட்டாம் வகுப்பு வரையில் என்னிடம் படித்த பெண் ஒருத்தியின் தாயார் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் மகளின் பழைய பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ் இருந்தது.

“வாத்தியாரையா, நீங்கள்தான் ஓர் உபகாரம் செய்ய வேண்டும். இதில் பிறந்த வருஷத்தை மட்டும் நாலு வருஷம் முன்னதாகப் போட்டுப் புதிதாய் ஒன்று வாங்கித் தர வேண்டும். பெண்ணுக்குக் குவைத்தில் வீட்டு வேலை. பாஸ்போர்ட்டுக்கு வேண்டுமென்று ஏஜெண்டு சொல்கிறார். இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?” என்றார்.

வளையலை அடகு வைத்து ஏஜெண்டுக்கு முன்பணமும் கொடுத்தாகி விட்டதாம். நான் மறுத்துவிட்டேன். அந்த அம்மாள் கண் கலங்கித் திரும்பிப் போனார். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. “யாருக்கு என்ன நஷ்டம்?” என்ற கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டேன்.

அது ஏன் சரியாக நாலு வருஷம்? பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள் முதலிய சில தேசங்களுக்கு வேலைக்குப் போவதானால் ஸர்க்காரின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. இளம் பெண்கள் அந்நிய வீட்டில் அகப்பட்டுத் துன்புறாமல் இருப்பதற்காகப் போட்ட வேலி அது. இந்தப் பெண்ணுக்கு வயது 26. ஏஜெண்டு கேட்ட நாலு வருஷம் அந்த வேலியைத் தாண்டும் ஏணி!

முன்காலத்தில் பாஸ்போர்ட்டைக் கையால் எழுதி, படம் ஒட்டிக் கொடுத்தார்கள். மோசக்காரன் படத்தைப் பெயர்த்துவிட்டு வேறொன்றை ஒட்டுவான். 2015 நவம்பருடன் கையால் எழுதிய புத்தகங்களின் காலம் முடிந்தது. இப்போதோ மின்னணுச் சில்லு பதித்த புத்தகங்களே வருகின்றன. புத்தகத்தைத் திருத்துவது கடினமாகி விட்டபடியால், மோசடி அதற்கு ஆதாரமாய்க் காட்டும் காகிதங்களுக்குக் குடிபோய்விட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம். அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சான்றிதழும் செல்லும். அதனால்தான் ஏஜெண்டின் பார்வை பள்ளிக்கூடத்தின் மேல் விழுகிறது.

நஷ்டம் யாருக்கு என்பதைச் சட்டமே சொல்கிறது. 1967-ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டப்படி, தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்துப் பாஸ்போர்ட் பெறுகிறவருக்கு இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். உடந்தையானவருக்கும் அதே தண்டனை. புத்தகமும் பறிபோகும். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறவள் அந்தப் பெண். ஏஜெண்டின் பெயர் எங்கும் இராது!

இத்தகைய மோசடி கண்ணில் பட்டால் என்ன செய்வது? சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய இடங்களிலுள்ள மண்டலப் பாஸ்போர்ட் அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். போலீஸிலும் புகார் கொடுக்கலாம். வெளிநாட்டு வேலை ஏஜெண்டைப் பற்றியதானால், சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் எழுத வேண்டும். ஏஜெண்டு பதிவு பெற்றவர்தானா என்று அங்கே கேட்டறியலாம். போலி இணையதளத்தில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டே காணாமற் போனால் போலீஸுக்கும் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் உடனே தெரிவிப்பது அவசியம். தொலைந்த புத்தகம் மோசக்காரனுக்கு மூலதனம். ரசீது, கடிதம், தொலைபேசிச் செய்தி எதையும் அழித்துவிடக் கூடாது. எந்தத் தேதியில், எவ்வளவு பணம், யார் கையில் கொடுத்தோம் என்பதைக் குறித்து வைத்தால் புகாருக்கு வலு உண்டாகும்.

மறு வாரம் அந்த அம்மாள் வீட்டுக்கு நானே போனேன். அறிந்ததையெல்லாம் சொன்னேன். “ஊர் சிரிக்குமே!” என்று முதலில் தயங்கினார். பிறகு தாயும் மகளும் திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் புகாரை எழுதினேன். மகள் கையெழுத்திட்டாள்.

முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் இன்று உள்ளூரில் தையல் வேலை செய்கிறாள், தன் சொந்த வயதுடனேயே.

பாஸ்போர்ட்டில் நம் பெயருக்கு மேலே நம் தேசத்தின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சாட்சி வைத்துப் பொய் சொல்லலாமா?