டிஷ்யூ வால்வு எத்தனை ஆண்டு உழைக்கும்?

பெங்களூரு அடுகோடிக்குச் சற்றுத் தள்ளி, பன்னேருகட்டா சாலையில் இருக்கிறது ஜெயதேவா இதயநோய் மருத்துவமனை. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழர்களும் வால்வுக் கோளாறுக்காக இங்கு வருவதுண்டு. நம் நாட்டில் சிறுவயது ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெடுவது அதிகம். அதனால் பலருக்கு இளமையிலேயே வால்வு மாற்ற வேண்டியிருக்கிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

இளையவர்களுக்கு டிஷ்யூ வால்வு ஏன் சீக்கிரம் கெடுகிறது?

டிஷ்யூ வால்வு, பன்றியின் வால்விலிருந்தோ மாட்டின் இதய உறையிலிருந்தோ செய்யப்படுகிறது. முதியவர்களுக்குப் பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகள் உழைக்கும். இளையவர்களின் உடலில் அதன்மேல் கால்சியம் வேகமாகப் படியும். இதழ்கள் விறைக்கும் அல்லது கிழியும்.

தயாரிப்பைப் பொறுத்தும் ஆயுள் மாறும். அபாட் நிறுவனத்தின் ‘டிரைஃபெக்டா’ வால்வுகள் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே பழுதாகக்கூடும் என 2023 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மருத்துவர்களை எச்சரித்தது.

அப்படியானால் உலோக வால்வா?

உலோக வால்வு நெடுநாள் உழைக்கும். 1990-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட நம் நாட்டு டிடிகே சித்ரா வால்வும் இந்த வகைதான். ஆனால், ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை அடிக்கடி, இரண்டும் கட்டாயம். வார்ஃபரின் போன்ற மாத்திரைகள் கருவைப் பாதிக்கும் என்பதால், குழந்தை பெற விரும்பும் பெண்கள் பலர் டிஷ்யூ வால்வைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்னொரு அறுவை சிகிச்சை வரும் என்பதையும் அப்போதே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

இரண்டாம் முறை ஏன் கடினம்?

முதல் அறுவையின் தழும்பால் இதயம் மார்பெலும்போடு ஒட்டியிருக்கலாம். நெஞ்சைத் திறக்கும்போதே இதயமோ ரத்தக்குழாயோ காயப்படலாம், ரத்தப்போக்கும் கூடும். மூச்சுத் திணறி, இதயம் களைத்த பிறகு அவசரமாகச் செய்தால் ஆபத்து பல மடங்கு. திட்டமிட்டுச் செய்தால் குறைவு. சிலருக்குத் தொடை ரத்தக்குழாய் வழியாகவே பழைய வால்வுக்குள் புதியதைப் பொருத்த முடியும். பழைய வால்வின் அளவு சிறிதாக இருந்தால் இந்த முறை பொருந்தாமல் போகலாம்.

செய்ய வேண்டியவை

* வால்வின் பெயர், அளவு, வரிசை எண் உள்ள அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.
* உடம்பு நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை எக்கோ எடுங்கள்.
* நடந்தால் மூச்சு வாங்குதல், படுத்தால் திணறல், கால் வீக்கம், மயக்கம் வந்தால் தாமதிக்காதீர்கள்.
* பல் பிடுங்கும் முன் வால்வு மாற்றியதைச் சொல்லுங்கள்; ஆன்டிபயாட்டிக் தேவைப்படும்.
* காய்ச்சல் விடாமல் அடித்தால், கடையில் மாத்திரை வாங்கி விழுங்காமல் இதய மருத்துவரைப் பாருங்கள். வால்வில் கிருமித் தொற்றாக இருக்கலாம்.