அந்தமான் கரைக்கு வயது உண்டு

நான் புவியியல் சொல்லிக்கொடுத்த வகுப்புகளில் அந்தமான் வரைபடத்தை விரித்து, "கரை எங்கே?" என்று கேட்பேன். பிள்ளைகள் நீலம் முடியும் இடத்தைத் தொடுவார்கள். அந்தத் தீவுகளில் பதில் அவ்வளவு சுலபமில்லை. கடல் ஏறும்போது அலையாத்திக் காட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். இறங்கினால் அதே இடம் சேறு. படகிலிருந்து பார்ப்பவருக்கு மர விளிம்புதான் தெரியும். நிலம் அதற்குப் பின்னால் எங்கோ தொடங்கும்.

1788-89இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இங்கே அளவெடுத்த ஆர்ச்சிபால்ட் பிளேருக்குக் கப்பல் ஒதுங்கும் துறை வேண்டியிருந்தது. உள்ளேயிருக்கும் மலை வேண்டியிருக்கவில்லை. மலைகளும் சேர்ந்த வரைபடம் 1883-86இல் ஜே. ஆர். ஹாப்டே தலைமையில் நடந்த அளவையில்தான் கிடைத்தது. இரண்டு மைல் தூரம் தாளில் ஓர் அங்குலம்.

எனக்கு மிகப் பிடித்த பழைய வரைபடம் இதுதான். அடர்காட்டில் ஓர் உச்சியிலிருந்து இன்னொன்றைப் பார்க்கவே மரங்களை வெட்டி வெளி உண்டாக்க வேண்டும். உச்சிகளை முக்கோணங்களாகப் பிணைத்துக் கோணம் அளந்தால் இடம் கிடைக்கும். சரிவுகளைப் பலகையில் விரித்த தாளில் கண்ணால் பார்த்தே வரைய வேண்டும். அந்தத் தீவுகளை மேலிருந்து எடுத்த படம் இல்லாத காலம் அது. ஆனால் தாளில் ரிச்சி, ஹேவ்லாக், நீல் என்று வெளியாட்கள் பெயர்களே நிறைய. அந்தக் கரையைத் தலைமுறைகளாக அறிந்த அந்தமானியருக்கும் ஜாரவாக்களுக்கும் அதில் இடம் மிகக் குறைவு. அது எனக்கு ஆறாத வருத்தம்.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் இந்தத் தாள்களுக்கு வேறொரு வேலை கொடுத்தது. வட அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து, பவளப்பாறை வெளியே வந்து செத்தது. போர்ட் பிளேர் பக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்து, சிப்பிகாட் வயல்களில் கடல் ஏறியது. நிகோபார் தீவுகளின் தென்கோடியான இந்திரா முனை 4.25 மீட்டர் இறங்கிவிட்டது. முன்பு கரை எங்கே இருந்தது என்று பழைய தாளைப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது.

ஆகவே வரைபடத்தில் நான் முதலில் தேடுவது ஓரத்தில் அச்சிட்ட அளவை ஆண்டை. உயர்ந்த கரையில் கடல்நீர் எட்டாமல் அலையாத்தி மரங்கள் காய்ந்தன. தாழ்ந்த வயல்களில் அதே மரங்கள் புதிதாக முளைத்து நிற்கின்றன. பச்சை எங்கே முடிகிறது என்பதை மறுபடி அளந்தாக வேண்டும்.