உள்ளங்காலையும் காண்போம்

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நாள் முழுதும் நின்று உழைப்போரின் காலில் கறுப்புப் புள்ளி தோன்றினால், முள் தைத்த வடு என்றோ இரத்தக்கட்டு என்றோ எளிதாக எண்ணிவிடுகிறோம். அது மெலனோமா என்னும் தோல் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களில் பிறக்கும் இந்நோய், வெள்ளையர்க்கு வெயில் படும் இடங்களில் மிகுதி. நம்மவர்க்கோ பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் தோன்றுகிறது. ஜமைக்காப் பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால்விரல் நகத்தடியில் கண்டறியப்பட்ட இந்நோய், 1981இல் 36 வயதிலேயே அவர் உயிரைக் கவர்ந்தது.

நகத்தடி இரத்தக்கட்டு, நகம் வளர வளர முன்னே நகர்ந்து மறையும். கருங்கோடு மறையாது அகன்றாலும், புள்ளியின் விளிம்பு கோணினும், நிறம் பலவாயினும் மருத்துவரை நாடுதல் வேண்டும். திசுவை எடுத்து ஆராயும் பயாப்சியே ஐயம் தீர்க்கும். பச்சிலை கட்டிக் காலம் தாழ்த்தலாகாது. தொடக்கத்திலேயே அகற்றினால் பிழைக்கலாம். கண்ணாடியில் முகம் காணும் நாம், உள்ளங்காலையும் காண்போமாக!