வீடு, மனை வாங்கப் போறீங்களா? பத்திரம் பார்க்கும் வக்கீலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை, குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளம், விமான நிலையத்தின் புதிய முனையம் என தூத்துக்குடி வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. கூடவே, சாலையோரமெல்லாம் மனை விற்பனை விளம்பரப் பலகைகள்!

மனை பிடித்துவிட்டது, விலையும் படிந்துவிட்டது. "வக்கீல்கிட்ட ஒருமுறை காட்டிட்டு வர்றோம்" என்றால், "எதுக்கு சார்? ரெஜிஸ்டர் ஆபீஸ்ல எல்லாம் பார்த்துத்தானே பதிவாங்க" என்பார் புரோக்கர். பல குடும்பங்கள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

பதிவானால் போதாதா?

போதாது. நம் நாட்டில் 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவாவது பத்திரம்தான். விற்பவர்தான் உண்மையான உரிமையாளர் என்று அரசு உத்தரவாதம் தருவதில்லை. இங்கிலாந்தில் நிலப் பதிவேட்டில் பெயர் ஏறினால் அந்த உரிமைக்கு அரசே பொறுப்பு. இங்கே அப்படியில்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படியானால், அதைப் பார்க்க வேண்டியது யார்? நீங்களும் உங்கள் வக்கீலும்தான்.

வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை நாமே பார்க்கலாம். ஆனால் அதில் தெரிவது பதிவான ஆவணங்கள் மட்டுமே. நம் கடற்கரையில் அதற்கு வெளியே நிறைய விஷயங்கள் இருக்கின்றன.

* முஸ்லிம் குடும்பங்களில் வாய்மொழியாகவே 'ஹிபா' எனும் தானம் கொடுக்கலாம், சட்டப்படி அது செல்லும். வில்லங்கச் சான்றில் அது வராது.

* அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாகப் போகும். இந்துக் குடும்பங்களுக்கு 1956-ம் ஆண்டுச் சட்டம். எதுவானாலும், கட்டிக்கொடுத்த பெண் பிள்ளைகளின் கையெழுத்தை விட்டுவிட்டு வாங்கினால் பின்னால் வழக்கு வரலாம்.

* விற்பவர் கப்பலிலோ வளைகுடாவிலோ வேலையில் இருக்கிறார், ஊரில் இருப்பவர் 'பவர்' வைத்து விற்கிறார் என்றால், எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்று பார்க்க வேண்டும். எழுதியவர் இறந்துவிட்டால் பொதுவாக பவரும் முடிந்துவிடும்.

* கடற்கரைக்குப் பக்கத்து மனை என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் கட்டடத்தைத் தடுக்கலாம். உப்பள நிலம் என்றால் சொந்தப் பட்டாவா, அரசுக் குத்தகையா என்று பார்க்க வேண்டும். தொழிற்பேட்டைகளுக்கு அருகே என்றால் நிலம் கையகப்படுத்தும் அறிவிப்பில் அந்த சர்வே எண் இருக்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும்.

தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-ல். அதற்கு முந்தைய பத்திரங்களில் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கும். பழைய சர்வே எண்ணை இன்றைய உட்பிரிவோடு பொருத்திப் பார்க்க, இந்தப் பகுதி ஆவணங்களில் பழகிய கண் வேண்டும்.

அவர் யாருடைய வக்கீல்?

மனை விற்கும் நிறுவனம் 'எங்க வக்கீல் ஒப்பீனியன்' என்று ஒரு நகலைத் தரும். அது அவர்களுக்காக எழுதப்பட்டது. வங்கிக் கடன் வாங்கினால் வங்கி வக்கீல் பார்ப்பார். அவர் கவலை, வங்கியின் கடனுக்கு ஆபத்து இல்லையே என்பதுதான். பத்திர எழுத்தர் பத்திரத்தை அழகாக எழுதித் தருவார், உரிமையை ஆராய்வது அவர் வேலை இல்லை. எனவே, உங்களிடம் கட்டணம் வாங்கி, உங்களுக்கு மட்டுமே பதில் சொல்லும் ஒருவர் தேவை. புரோக்கர் கைகாட்டும் வக்கீலைத் தவிர்ப்பது நல்லது.

எப்படித் தேடுவது?

வக்கீல்கள் விளம்பரம் செய்ய பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. இணையதளங்களில் வக்கீல்களைப் பட்டியலிட்டு மதிப்பெண் போடுவதை 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் கண்டித்தது. ஆகவே, ஸ்டார் ரேட்டிங்கை நம்பாதீர்கள். அதே பகுதியில் சமீபத்தில் வீடு வாங்கியவர்களிடம் கேளுங்கள். மாவட்ட நீதிமன்றத்தில் சொத்து வழக்குகளை நடத்தும் சிவில் வக்கீலாக இருந்தால் நல்லது. எந்த ஓட்டையில் வழக்கு நுழையும் என்று அவருக்குத் தெரியும்.

முதல் சந்திப்பிலேயே இவற்றைக் கேட்டுவிடுங்கள்:

1. பார் கவுன்சில் பதிவு எண் என்ன?
2. விற்பவருக்கோ புரோக்கருக்கோ நீங்கள் வேலை பார்க்கிறீர்களா?
3. குறைந்தது 30 வருட ஆவணங்களைப் பார்ப்பீர்களா?
4. அசல் பத்திரங்களை நேரில் பார்ப்பீர்களா, நகல் மட்டும்தானா?
5. கருத்தை எழுதி, கையெழுத்திட்டுத் தருவீர்களா?
6. மொத்தக் கட்டணம் எவ்வளவு, அதில் என்னென்ன அடங்கும்?

"எல்லாம் கிளியரா இருக்கு" என்று வாயால் சொல்பவரைவிட, "இந்த வாரிசுச் சான்று வேண்டும், இந்தப் பத்திரம் விடுபட்டிருக்கிறது" என்று பட்டியல் போடுபவரே நமக்கு வேண்டியவர்.

தவறு நடந்தால்?

வக்கீலின் சேவையில் குறை என்று நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது என 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தொழில் நடத்தை மீறல் என்றால் பார் கவுன்சிலில் புகார் செய்யலாம், நஷ்டம் கேட்டு சிவில் நீதிமன்றம் போகலாம். இரண்டுமே நீண்ட பயணம். அதனால்தான் தேர்வு செய்யும்போதே கவனம் தேவை.

விற்பவர்களுக்கும் தேவை

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். கெடு, அட்வான்ஸ், வாங்குபவர் பின்வாங்கினால் என்ன என்பதெல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். இல்லையென்றால், அட்வான்ஸ் மட்டும் கொடுத்தவர் உங்கள் சொத்தை வழக்கில் வருடக்கணக்கில் முடக்கலாம்.

30 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு முத்திரைத்தாள் 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம் என அரசுக்கே 2.70 லட்சம் ரூபாய் கட்டுகிறோம். புரோக்கர் கமிஷன் தனி. இதையெல்லாம் கொடுத்துவிட்டு வக்கீல் ஃபீஸில் மிச்சம் பிடிக்க வேண்டாம். முக்கியமாக, டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பத்திர நகல்களை அவரிடம் கொடுத்துவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு வரும் எச்சரிக்கையால் பெரிதாகப் பயனில்லை.